‘நடைமுறையில் நிகழாது’ என்று நான் எழுதிய வரி

உங்கள் மேலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, என்னிடம் உற்சாகம் கைவசம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும் அது ஆறவில்லை. அதில் பெரும்பங்கு என்மேலேயே என்பதால் ஆறவிட எனக்கு மனமும் இல்லை. வெற்றிக் கதைகளை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதி, நானே கையெழுத்தும் போட்ட ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சிப் வடிவமைப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். வடிவமைப்பவர்கள் செய்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது. பெங்களூரில் பல வருடம் அதைச் செய்துவிட்டு, நிறுவனம் நாகர்கோவிலில் ஒரு சிறிய கிளை திறந்தபோது ஊருக்குப் பக்கம் என்று வந்து சேர்ந்தேன். என் ஊர் முட்டம். என் அப்பா கடலுக்குப் போனவர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது எனக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை என்பது உங்களுக்குப் புரியவேண்டும்.

அப்போது எங்கள் கையில் இருந்தது மீன்பிடிப் படகுகளுக்கான ஒரு பெட்டி. படகை ஓட்டும் அறையில் மாட்டிவைப்பது. திரையில் கடல் வரைபடம் தெரியும். படகு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப வரைபடமும் திரும்பும். மேலே காற்றும் நீரோட்டமும் அம்புக்குறிகளாக ஓடும். திரைக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்தென்றால் அதை அழுத்தவேண்டும். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போய்ச் சேரும். கைபேசிக்கு அலை கிடைக்காத தூரத்தில், பத்து நாள், பதினைந்து நாள் கடலிலேயே கிடக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்பில் படம் வரையும் பகுதி, ரேடியோ பகுதி, கணக்குப் போடும் பகுதி என்று பல உண்டு. நினைவகத்துக்குப் போய்வர அத்தனைக்கும் சேர்த்து ஒரே பாதை. அதைத்தான் பஸ் என்கிறோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் போகமுடியும். இரண்டுபேர் ஒரே சமயம் கேட்டால் யாரை விடுவது என்று முடிவு செய்ய ஒரு பகுதி உண்டு, ஆர்பிட்டர். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஆர்பிட்டரில் யாருக்கு முதலிடம் கொடுப்பது என்று ஒரு வரிசை இருந்தது. முதல் வடிவத்தில் ரேடியோ மேலே இருந்தது. மாதிரிப் பெட்டியை யாரிடமோ காட்டியபோது திரை ஒருமுறை மினுக்கிவிட்டது. படம் வரையும் பகுதிக்கு நேரத்துக்குப் பஸ் கிடைக்காவிட்டால் அப்படி மினுக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் திட்டத் தலைவர் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, பாக்கிறவங்க கண்ணுக்கு ஸ்கிரீன்தான் தெரியும். அது ஒரு தடவை மினுக்கினா மொத்தப் பெட்டியும் மட்டம்னு நினைச்சிடுவாங்க. டிஸ்ப்ளேயை மேல ஏத்துங்க."

"அப்ப ரேடியோ?"

"அது எப்பவாவது ஒரு தடவை பேசறது. கடைசியில் வைங்க. நடுவுல கேப் கிடைக்காமலா போகும்?"

நான் ஒரு மின்னஞ்சலில் மெல்லிய குரலில் ஆட்சேபித்தேன். அவர் பதில் எழுதவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. வரிசை மாறியது. மெல்லிய குரலில் ஆட்சேபித்துவிட்டு, அதைக் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நம் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிற ஆட்கள் நம் தொழிலில் நிறைய. நானும் அப்படி ஓர் ஆளாகத்தான் இருந்தேன்.

என் குழுவில் அஜிதா என்றொரு பெண். அருமனையிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோவாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிப்பைத் தயாரிப்புக்கு அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இதொண்ணு பாக்குதியளா? ரேடியோ கேட்டுக்கிட்டே நிக்குது. ஆர்பிட்டர் விடவே மாட்டேங்குது."

"எவ்வளவு நேரம்?"

"நான் ஓட்டுன வரைக்கும். அதுக்கு மேலயும் விடாதுண்ணுதான் தோணுது."

"எப்பிடி ஓட்டுன?"

"மேப்ப முழுசாப் பெருசாக்கி, காத்து, நீரோட்டம் ரெண்டையும் வச்சு, போட் திரும்பிக்கிட்டே இருக்க மாதிரி குடுத்தேன். அப்ப மேப்ப விடாம வரையவேண்டியிருக்கு. இடைவெளியே கெடைக்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு என் தலைமேல் நூறு வேலை. "எந்த போட் மக்கா நிக்காமத் திரும்பிக்கிட்டே இருக்கும்? அது என்ன ராட்டினமா?"

"ஒரு வேள..."

"ஒரு வேளண்ணு பாத்தா இந்த சிப்ப நாம ஆயுசுக்கும் அனுப்ப மாட்டோம். வேவர் எழுது."

வேவர் என்றால் உங்களுக்குத் தெரியும். சோதனையில் தோற்றதைத் தெரிந்தே விட்டுவிடுவதற்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடும் சீட்டு. அஜிதா அசையாமல் நின்றாள்.

"நடக்காதுண்ணு நான் எப்பிடி அக்கா எழுதுவேன்? நான் கடலுக்குப் போனதே இல்லையே."

"நான் முட்டத்துக்காரி. எனக்குத் தெரியும். தள்ளு, நானே எழுதுதேன்."

எழுதினேன். ‘இந்த நிலை நடைமுறையில் நிகழாது.’ கீழே என் கையெழுத்து. எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

சிப் வந்தது. பெட்டிகள் வந்தன. சோதனைக்காக முட்டத்துப் படகுகள் ஆறில் மாட்டலாம் என்று முடிவானது. ஊர்க்காரி என்பதால் ஆட்களைப் பிடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் முதலில் போய் நின்றது சூசையிடம். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒன்றாகப் படித்தவன். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருந்தான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏட்டி, இது உள்ளதுதானா? அமுக்குனா ஆளு வருமா?"

"வரும்லே. நான் பாத்து விட்ட சாமானம்."

"நீ பாத்ததுண்ணா செரி."

படகு துறையில் கட்டிக்கிடக்கும்போதே பொத்தானை அழுத்திக் காட்டினேன். விளக்கு எரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் என் கைபேசிக்குச் செய்தி வந்தது. சூசை மற்ற ஐந்து படகுக்காரர்களையும் அவனே பேசிச் சம்மதிக்க வைத்தான். அவன் சொன்னதால் அவர்கள் நம்பினார்கள், நான் சொன்னதால் அவன் நம்பினான்.

இரண்டாவது மாதம், கரையிலிருந்து ரொம்பத் தொலைவில், சூசையின் படகில் இயந்திரம் நின்றுபோனது. அவனுடைய மச்சான் ததேயூஸ் அதைச் சரிசெய்யக் கைவைத்தபோது இயந்திரம் திடீரென்று ஒருமுறை உதறியது. வலது கை பெல்ட்டுக்குள் சிக்கிக்கொண்டது. எப்படியோ கையை வெளியே எடுத்தார்கள். இயந்திரம் அதன்பின் அசையவே இல்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கேட்கிற தூரத்தில் வேறு படகு இல்லை. சூசை சிவப்புப் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. ஆள் வரும் என்று காத்திருந்தார்கள். அன்று முழுக்கக் காத்திருந்தார்கள். மறுநாளும் காத்திருந்தார்கள், பாட்டரி தீர்ந்து பெட்டியும் அணையும்வரை. இரண்டாம் நாள் சாயங்காலம் தற்செயலாக அந்த வழியே வந்த கேரளத்துப் படகு ஒன்று பார்த்து, கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ததேயூஸின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்திருந்தார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு எடுத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். வராந்தாவில் சூசை உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க மேடம்."

பள்ளிக்கூடத்திலிருந்து அன்றுவரை அவன் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தன வாட்டி அமுக்குனேன்ணு கேக்கல்லியா மேடம்? எனக்கே எண்ணமில்ல. அமுக்க அமுக்க வெளக்கு எரிஞ்சுது. ஆளு வருது, ஆளு வருதுண்ணு நான் இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் திரும்பி நடந்தேன்.

தலைமை அலுவலகம் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய், மூன்றாம் நாளே அறிக்கையை அனுப்பிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் பதிவில் பொத்தான் அழுத்தப்பட்டதற்கான அடையாளமே இல்லை. எனவே பயனர் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போடச் சொல்லி எனக்கு ஒரு கோடு போட்ட இடம்.

உண்மையைச் சொல்லவேண்டும். அதைப் படித்தபோது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பு நம்முடையது இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. முப்பது வருடம் கடலில் கிடந்த ஒருவனுக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லையாம்! இரத்தம் கொட்டும் கையோடு மச்சான் பக்கத்தில் கிடக்கும்போது அவன் பொத்தானைத் தடவிவிட்டுச் சும்மா இருந்தானாம்! அறிக்கை எழுதினவருக்கு அப்படி நினைக்க வெட்கமாக இல்லை. எனக்கும் ஒரு நிமிடம் வெட்கமாக இல்லை.

பிறகுதான் விளக்கு ஞாபகம் வந்தது. விளக்கு எரிந்தது என்று சூசை சொன்னான். அந்த விளக்குக்குப் பொத்தானிலிருந்து நேராகக் கம்பி. அது எரிந்தால் பொத்தான் அழுத்தப்பட்டது, அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் பதிவை எழுதுவது ரேடியோ பகுதி. அதை எழுத அது நினைவகத்துக்குப் போகவேண்டும். போக பஸ் வேண்டும். பாட்டரி தீரும்வரை பஸ் கிடைக்காவிட்டால் ஆபத்துச் செய்தியும் போகாது, கூப்பிட்டதற்கான தடயமும் இருக்காது. கூப்பிட்டவனுடைய குரலையும் அழுத்திவிட்டு, நீ கூப்பிடவே இல்லை என்று அவனிடமே சொல்கிற பெட்டியை நாங்கள் செய்துவைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் முட்டத்துக்குப் போனேன். அஜிதாவையும் கூட்டிக்கொண்டேன். துறையில் சூசை படகின்மேல் நின்றிருந்தான். இறங்கி வரவில்லை. நான் கீழே நின்றே கேட்டேன்.

"சூசை, அமுக்கும்போது திரையில என்ன இருந்திச்சு?"

"மேப்பு. கர எந்தப் பக்கம், காத்து நம்மள எங்க கொண்டு போவுதுண்ணு பாக்கண்டாமா?"

"பெருசாக்கி வச்சிருந்தியா?"

"பின்ன?"

"அது அசையாம நின்னுதா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "எப்பிடி நிக்கும் மேடம்? மிஷின் நின்னா போட் அலைக்குக் குறுக்க கெடந்து சுத்தாதா? ரெண்டு நாளும் சுத்துச்சு. அதுகூட சுத்துச்சு மேப்பு. ஒங்க அப்பா இதொண்ணும் சொல்லித் தரல்லியா?"

அஜிதா என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் படகு நிற்காமல் சுற்றும் என்று நான் அவளிடம் கேட்டுச் சிரித்திருந்தேன். இயந்திரம் நின்ற படகு சுற்றும். எந்த நேரத்தில் ஒருவன் அந்தப் பொத்தானை அழுத்துவானோ, சரியாக அந்த நேரத்தில் சுற்றும். சின்ன வயதில் அப்பாவின் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கடலுக்குப் போனதில்லை என்று சொன்னவளுக்கு அது தோன்றியது. முட்டத்துக்காரிக்குத் தோன்றவில்லை. கண்ணாடி அறையில், அசையாத மேசைமேல் பெட்டியை வைத்துப் பார்த்துப் பார்த்து, பெட்டி என்றால் அசையாது என்று என் மண்டை நம்பிவிட்டது.

அலுவலகத்துக்கு வந்து, மிச்சமிருந்த பெட்டி ஒன்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். கீழேயிருந்து ஒரு சுழல் நாற்காலியைத் தூக்கிவந்து அதன்மேல் பெட்டியை வைத்துக் கட்டினோம். வரைபடத்தைப் பெரிதாக்கி, காற்றையும் நீரோட்டத்தையும் போட்டேன். அஜிதா நாற்காலியை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. என் கைபேசி சும்மா இருந்தது. பத்து நிமிடம். மறுபடி அழுத்தினேன். இருபது நிமிடம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. திரையை அணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் கைபேசி கிணுகிணுத்தது. ஆபத்து, இந்த இடம், உடனே வரவும்.

திரையை ஒரு தடவை அணைத்திருந்தால் போதும். ததேயூஸின் விரல்கள் இருந்திருக்கும். ஆனால் நடுக்கடலில் கரை எங்கே என்று காட்டுகிற ஒரே வெளிச்சத்தை யார் அணைப்பார்கள்?

அஜிதா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி சொன்னாள். "அக்கா, நான் அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்லமுடியாது. தப்புச் செய்தவள் நான். வரிசையை மாற்றச் சொன்னவர் பெங்களூரில் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். சரியாகச் சொன்ன ஒரே பிள்ளை தன்னை நொந்துகொள்கிறாள். "நீ சொன்னது போதும். எனக்குத்தான் காது கேக்கல்ல. இனி ஒரு நாளும் இப்பிடிச் சொல்லப்பிடாது, கேட்டியா?" என்று அவளிடம் கத்தினேன். அவளிடம் கத்தியதுகூடத் தப்புத்தான்.

அங்கிருந்தே திட்டத் தலைவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ரேர் காம்பினேஷன், ஸ்டெல்லா. படம் வரையற வேகத்தைக் குறைச்சு ஒரு பேட்ச் போடலாம். அப்ரூவல் வாங்க ஒரு வாரம் ஆகும்."

"மத்த அஞ்சு படகும் இப்போ கடல்ல இருக்கு. அஞ்சுலயும் இதே பெட்டி."

"அவங்க திரும்பி வந்ததும் கழட்டிடலாம்."

"அதுவரைக்கும்?"

"இன்னிக்குப் போய் வயர்லெஸ்ல ஊரைக் கூட்டாதீங்க. நாளைக்குப் புது கஸ்டமர் வர்றாங்க. என் அனுமதி இல்லாம நீங்க யார்கிட்டயும் பேசக்கூடாது, புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. என் வேலை போகலாம். ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருந்தது. இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்லிய குரலில் ஆட்சேபித்துப் பழகியவளுக்கு அன்றைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்காரத்தான் கை பரபரத்தது. ஆனால் மின்னஞ்சல் போய்ச் சேரும் இடத்தில் அந்த ஐந்து படகுகளும் இல்லை. போனை வைத்தேன். மறுபடியும் முட்டத்துக்குப் பேருந்து ஏறினோம்.

படகுகளோடு பேசக் கரையில் மீனவர் சங்கத்துக்கு ஒரு வயர்லெஸ் அறை உண்டு. எங்கள் பெட்டிக்கு அனுப்பத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. அதனால் வேறு வழி இல்லை. கரையில் சொன்னால் பக்கத்துப் படகு கேட்கும், அது அடுத்த படகுக்குச் சொல்லும், அப்படியே கடலுக்குள் போகும். ஆனால் நான் பேசினால் யார் கேட்பார்கள்? அவர்கள் பெட்டியை வாங்கியது சூசை சொல்லித்தான். அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான்.

"இன்னும் என்னத்துக்கு வந்திய?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிப்புக்குள்ளே ஒரே பாதை என்றும், படம் அதை விடாமல் பிடித்துக்கொண்டது என்றும், ரேடியோ வெளியே நின்றுகொண்டே இருந்தது என்றும். அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"வயர்லெஸ்ஸுல ஒருத்தன் பட்டன அமுக்கிப் பிடிச்சா மத்தவனுக்குப் பேச முடியாதுல்லா, அது மாதிரியா?"

"அதேதான்."

"நாங்க அப்பிடி எவனாவது பிடிச்சா அவன் குடும்பத்தையே இழுத்து ஏசுவோம். சாவக் கெடக்கவன் கூப்பிட்டா மத்தவன் வாய மூடணும். இது எங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். படம் மினுங்காம இருக்கணும்ணு மாத்தி வச்சிட்டோம்."

"இப்பிடி ஆகும்ணு முன்னமே தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "இந்தப் பிள்ள கண்டுபிடிச்சுச் சொல்லிச்சு. நான்தான் நடக்காதுண்ணு எழுதி ஒப்பு போட்டேன்."

சூசை அஜிதாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கை ஓங்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். வயர்லெஸ் அறையில் கருவியைக் கையில் வாங்கினான்.

"ஏலே மக்கா, முட்டத்துச் சூசையாக்கும். பெட்டி வச்சிருக்க அஞ்சு போட்டுக்கும் சொல்லுங்க. ஆபத்துண்ணா மொதல்ல திரைய அணைச்சிரு. அணைச்ச பெறவு செவப்பு பட்டன அமுக்கு. வெளக்கு எரியுதுண்ணு நம்பாத. நான் நம்பித்தான் ததேயுக்கு வெரலு போச்சு. மனசிலாச்சா? கேட்டவன் அடுத்தவனுக்குச் சொல்லு."

மூன்று முறை சொன்னான். சாயங்காலத்துக்குள் நாலு படகிலிருந்து பதில் வந்தது, கைமாறிக் கைமாறி. ஐந்தாவது படகிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிவரைக்கும் வரவில்லை. அதில் ஏழுபேர். அவர்களில் மூன்று பேருடைய வீட்டுப் பெண்கள் அந்த அறை வாசலில் வந்து நின்றார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. பத்தரைக்கு, அந்தப் படகு குளச்சலுக்கு நேரே வந்துகொண்டிருக்கிறது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, வயர்லெஸ் செட் பழுதாகி இருந்தது என்று தகவல் வந்தது. ஒரு பெண் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அலுவலகத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் வெளியாரிடம் பேசியது குற்றம். நான் பதிலாக எழுதியது ஒரு பக்கம். அறிக்கையில் பயனர் அழுத்தவில்லை என்ற வரி பொய். ஆர்பிட்டர் ரேடியோவுக்கு வழிவிடவில்லை என்பதே உண்மை. அதைக் கண்டுபிடித்தவர் அஜிதா. தெரிந்தே விட்டுவிட்டவள் நான். வேவர் சீட்டின் நகலையும் கூடவே வைத்து, தலைமை அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன் என்று பயந்திருக்கலாம். திட்டத்திலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். மீதி நாலு வருடமும் பழைய சிப்புகளின் ஆவணங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். திட்டத் தலைவருக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. இதில் நீதி எங்கே என்று கேட்காதீர்கள், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிப்பை மட்டும் மாற்றினார்கள். நான் எழுதிய அந்த ஒரு பக்கக் கடிதம் எல்லோர் கையிலும் இருந்ததால் மாற்றாமல் இருக்க முடியவில்லை. புது ஆர்பிட்டரில் சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டால் ரேடியோவுக்கு முதலிடம். யாராயிருந்தாலும் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் காத்து நின்றால் அடுத்த முறை அவர்களுக்குத்தான். சோதனைக்கு ஒரு சுழலும் மேசை வாங்கினார்கள். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு அஜிதாவுக்குப் போனது.

உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். என்னைப் போன்ற ஒருத்தி, இத்தனை வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு, உங்கள் மடிக்கணினியைப் பார்த்துச் சிரிப்பாள். ‘எனக்குத் தெரியும்’ என்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் மேசைமேல் நடந்ததுதான். அவளை எழுதவிடாதீர்கள். அவள் எழுதினால் நீங்கள் கீழே ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். அதற்காக உங்களை யாராவது முறைத்தால், முறைக்கட்டும். பயனர் சரியாக அழுத்தவில்லை என்று எந்த அறிக்கையிலாவது படித்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பயனரைப் போய்ப் பாருங்கள். அவர் கையைப் பாருங்கள்.

புதுப் பெட்டிகள் வந்தபோது நான் ஓய்வுபெற சில மாதம்தான் இருந்தது. திட்டத்தில் நான் இல்லை. ஆனாலும் முட்டத்துக்குக் கொண்டுபோக வேறு யாரும் முன்வரவில்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூசையின் படகுக்குப் போனேன். ததேயூஸ் இடது கையால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூசை பெட்டியை வாங்காமல் கேட்டான்.

"இத ஆரு பாத்து விட்டது?"

"அஜிதா. அண்ணைக்கு எங்கூட வந்துதே, அந்தப் பிள்ள."

"ஒப்பு?"

"அவதான்."

"நீங்க ஒண்ணும் போடல்லியா?"

"இல்ல. நான் இதுல இல்ல."

அவன் பெட்டியை ஒருமுறை பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்று, ஓட்டும் அறைக்கு எனக்கு வழிவிட்டான்.

"அப்பம் செரி. மாட்டுங்க."